கோத்தன்பர்குக்குப் போகும் வழி: விசா முதல் டிராம் வரை

திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பணியாற்றுகிறாள். நானும் என் மனைவியும் ஜூன் முதல் வாரத்தில் புறப்பட்டு அவளுடன் மூன்று மாதம் தங்கிவர விரும்புகிறோம். இது எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம். விசாவுக்கு என்னென்ன வேண்டும்? சென்னையிலிருந்து அந்த ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்வது? அங்கே மகள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நாங்கள் தனியாக வெளியே சென்றுவர முடியுமா?"

ஐயா, நீங்கள் விசாவைத் தனியாகவும் பயண வழியைத் தனியாகவும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நகரில் பல ஆண்டுகளாக வசித்து, என் பெற்றோரையும் நண்பர்களின் பெற்றோரையும் வரவேற்று வழியனுப்பி வருபவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது, இவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதுதான். ஸ்வீடனுக்குள் உங்களை அனுமதிப்பவர் பெரும்பாலும் ஸ்வீடன் நாட்டு அதிகாரியாக இருக்க மாட்டார். நீங்கள் ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாறினால் ஜெர்மானிய அதிகாரியும், கோபன்ஹேகனில் இறங்கினால் டேனிஷ் அதிகாரியும் உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்து உள்ளே விடுவார்கள். எனவே எந்த ஊர் வழியாகப் போவது என்பதை முடிவு செய்த பிறகே மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

இதற்குக் காரணம், உறுப்பு நாடுகளுக்கு இடையிலான எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் உடன்பாடு. ஸ்வீடன் 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது; 2001 மார்ச் 25 முதல் ஷெங்கன் விதிகளை நடைமுறைப்படுத்தி வருகிறது. இன்று 29 நாடுகள் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. அவற்றில் எந்த நாட்டில் முதலில் கால் வைக்கிறீர்களோ அங்கே குடிவரவுச் சோதனை முடிந்துவிடும். அதன் பிறகு கோத்தன்பர்க் வரையிலான விமானம் உள்நாட்டு விமானத்தைப் போன்றதே. கோத்தன்பர்க் விமான நிலையத்தில் இறங்கும் பலர் "இமிகிரேஷன் எங்கே?" என்று தேடிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது முந்தைய ஊரிலேயே முடிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்கு வேண்டியது 'சி' வகைக் குறுகிய காலத் தங்கல் விசா. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. அவர்களுக்காக எட்டியாஸ் என்ற இணையவழி முன் அனுமதி 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது.

இங்கேதான் உங்கள் திட்டத்தில் ஒரு திருத்தம் அவசியமாகிறது. விதி கூறுவது எந்த 180 நாள் கால அளவிலும் 90 நாள் என்பதே. மூன்று மாதம் என்று அது கூறவில்லை. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். நீங்கள் ஜூன் 5-ஆம் தேதி நுழைந்தால் ஜூனில் 26 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, ஆக 88 நாள் ஆகிவிடும். 90-ஆம் நாள் செப்டம்பர் 2. "ஜூன் 5-இலிருந்து செப்டம்பர் 5 வரை" என்று நினைத்துப் பயணச்சீட்டு எடுத்தால் மூன்று நாள் அத்துமீறித் தங்கியவராகிவிடுவீர்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அந்த மூன்று நாள் உங்களுக்கு எதிராக நிற்கும். என் ஆலோசனை, 80 அல்லது 85 நாளுக்குத் திட்டமிடுங்கள். விமானம் ரத்தாவது, உடல்நலக் குறைவு போன்றவை நேர்ந்தால் கையில் சில நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

விசா ஒட்டப்பட்ட பக்கம் கையில் கிடைத்ததும் அதை நிதானமாகப் படியுங்கள். அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும்; அவற்றுக்குக் கீழே எத்தனை முறை நுழையலாம் என்பதும், எத்தனை நாள் தங்கலாம் என்பதும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் தங்கலாம் என்று பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வழக்கமாக முடிவுத் தேதி, பயணம் தள்ளிப்போனால் உதவுவதற்காக 15 நாள் கூடுதலாகத் தரப்படுவது. உங்களைக் கட்டுப்படுத்துவது நாள் எண்ணிக்கைதான். 80 என்று போட்டிருந்தால் 80 நாள் மட்டுமே.

விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். வழக்கமான பரிசீலனைக் காலம் 15 நாள். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். ஜூனில் புறப்படுபவர்கள் மார்ச் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது, ஏனென்றால் கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் நேரம் ஒதுக்கிப் பெறுவதே கடினமாகிவிடும். ஸ்வீடன் தூதரகத்தின் சார்பில் விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் விஎஃப்எஸ் மையம் சென்னையிலேயே இருக்கிறது; முடிவெடுப்பது புது தில்லித் தூதரகம். விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. அதை ரூபாயில் செலுத்துவீர்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பத்து விரல் ரேகைகளும் புகைப்படமும் எடுக்கப்படும் என்பதால் இருவரும் நேரில் செல்ல வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களாவது கொண்டதாகவும் இருக்க வேண்டும். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுவதற்கும், எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். உங்கள் வயதில் காப்பீட்டைச் சடங்குக்காக வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றால் திடீரென ஏற்படும் அவசரச் சிகிச்சைக்கு அது பணம் தருமா என்பதைப் படித்துப் பார்த்து, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் தருவதையே வாங்குங்கள். வருகையாளருக்கு இங்கே மருத்துவம் இலவசமில்லை, ஒரே ஓர் இரவு மருத்துவமனைவாசம்கூடப் பெரிய தொகையாகிவிடும்.

செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட ஸ்வீடன் குடிவரவுத் துறை வைத்திருக்கும் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 450 குரோனா (ஸ்வீடன் நாணயம்). 80 நாளுக்குக் கணக்கிட்டால் ஒருவருக்கு 36,000 குரோனா வரும். தங்குமிடமும் உணவும் உறவினர் வீட்டில் என்றால் இதைவிடக் குறைந்த தொகையையும் ஏற்கலாம். ஆனால் அந்த உறவினர் பொறுப்பேற்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதற்காக உங்கள் மகள் குடிவரவுத் துறையின் அழைப்புப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, ஸ்வீடன் வரித் துறையான 'ஸ்காத்தெவெர்கெட்' வழங்கும் 'பெர்ஷோன்பெவிஸ்' என்ற மக்கள்பதிவுச் சான்றிதழுடன் அனுப்ப வேண்டும். அவருடைய சம்பளச் சான்றையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்ப்பது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். மகள் என்ற உறவை நிறுவ அவருடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் உங்கள் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று இன்றே பாருங்கள். முன்னெழுத்து விரித்து எழுதப்படும் நம் பெயர்களில்தான் இந்த வேறுபாடு அடிக்கடி தலைகாட்டுகிறது. அதை ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் விளக்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் மேலே அதிகாரி தேடுவது ஒன்றுதான்: இவர்கள் திரும்பிப் போவார்களா? இந்தியாவில் உங்களுக்கு இருக்கும் பிடிப்பை அவருக்குக் காட்டுங்கள். ஓய்வூதிய ஆணை, வீட்டு வரி ரசீது, வருமான வரிக் கணக்கு, ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகள் பற்றிய விவரம் ஆகியவை இதற்கு உதவும். எதையும் மிகைப்படுத்தாதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் வங்கிக் கணக்கில் திடீரென விழும் பெருந்தொகை, இல்லாத சந்தேகத்தையும் உண்டாக்கிவிடும். விசா மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்படும். முடிவு கையில் கிடைத்த மூன்று வாரத்துக்குள் ஸ்வீடனின் குடிவரவு நீதிமன்றத்தில் முறையிடலாம். குறைபாடு ஆவணத்தில்தான் என்றால் அதைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி என்பது என் கருத்து.

ஒரு நற்செய்தியும் உண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு, அடுத்து இரண்டு ஆண்டுப் பலமுறை நுழைவு விசாவும், அதன் பின் கடவுச்சீட்டுக் காலம் அனுமதித்தால் ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்க இது வழி செய்கிறது. மகள் இங்கேயே இருக்கப் போகிறார் என்றால், முதல் இரண்டு பயணங்களை ஒரு நாள்கூடப் பிசகாமல் முடிப்பதன் மதிப்பு உங்களுக்குப் புரியும்.

இனி வழி. சென்னையிலிருந்து ஸ்வீடனுக்கு நேரடி விமானம் இல்லை. கோத்தன்பர்குக்கு ஒரே ஒரு விமான நிலையம்தான் இப்போது பயணிகளுக்குப் பயன்படுகிறது: நகருக்குக் கிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள லாண்ட்வெட்டெர். பழைய இணையப் பக்கங்களில் காணப்படும் 'சிட்டி ஏர்போர்ட்' 2015-இலேயே பயணிகள் சேவையிலிருந்து விலகிவிட்டது. லாண்ட்வெட்டெருக்கு வர ஃபிராங்ஃபர்ட், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஓர் ஐரோப்பிய நகரில் விமானம் மாற வேண்டும். வரைபடத்தில் இதுவே குறுகிய வழி. ஆனால் முதல் முறை வரும் மூத்தவர்களுக்கு இதில் ஓர் இடர் இருக்கிறது. என் பெற்றோர் முதல் முறை வந்தபோது ஐரோப்பாவின் பெரிய விமான நிலையம் ஒன்றில் அவர்களுக்கு இருந்த இடைவெளி 70 நிமிடம். அதற்குள் குடிவரவு வரிசை, மறுபடியும் பாதுகாப்புச் சோதனை, ரயிலில் போக வேண்டிய இன்னொரு முனையம். சக்கர நாற்காலிக்கு ஆள் வந்து சேர்ந்தபோது கோத்தன்பர்க் விமானம் புறப்பட்டுவிட்டிருந்தது. அன்றிரவை அவர்கள் அங்கே நாற்காலியில் கழித்தார்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி உள்ள, ஒரே பதிவெண்ணில் அமைந்த பயணச்சீட்டாக எடுங்கள். அப்போதுதான் ஒரு விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதாகும்.

இப்போது குடிவரவுச் சோதனையில் ஒரு புது அம்சமும் சேர்ந்திருக்கிறது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12-இல் தொடங்கி, 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைகளுக்கும் பரவும்படி வகுக்கப்பட்டது. விசா எடுத்தவர்களின் விரல் ரேகை ஏற்கெனவே பதிவில் இருப்பதால் உங்களிடம் முகப் படத்தைத்தான் புதிதாக எடுத்துச் சேர்ப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை. நேரம் மட்டும் பிடிக்கும். நாள் கணக்கைக் கணினியே வைத்திருப்பதால், முத்திரை மங்கலாகிவிட்டது என்று சொல்லித் தப்பும் காலமும் முடிந்துவிட்டது.

நான் பலருக்கும் பரிந்துரைப்பது கோபன்ஹேகன் வழி. சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹாவில் ஒரு முறை மாறி கோபன்ஹேகனில் இறங்கிவிடலாம். அங்கே குடிவரவு முடிந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டால் அடுத்து ஓட வேண்டிய விமானம் எதுவும் இல்லை. ரயில் நிலையம் விமான நிலையத்துக்குள்ளேயே, மூன்றாம் முனையத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து 'ஓரெசுந்ஸ்டோக்' என்ற ரயில் பொதுவாக மணிக்கு ஒன்றாக, மூன்றரை மணி நேரத்தை ஒட்டிய பயணத்தில் கோத்தன்பர்க் மத்திய நிலையத்துக்கு வந்து சேரும். ஒரு ரயில் போனால் அடுத்தது வரும் என்ற நிம்மதி, பதினைந்து மணி நேரம் பயணம் செய்து களைத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். உங்கள் மகள் விடுமுறை எடுத்துக்கொண்டு கோபன்ஹேகனுக்கே வந்து உங்களை அழைத்துக்கொள்ளவும் முடியும்.

ரயில் புறப்பட்ட சில நிமிடங்களில் கடலின் மேல் ஏறிவிடும். 2000 ஜூலை 1-இல் திறக்கப்பட்ட ஓரெசுந்து பாலம் அது. எட்டுக் கிலோமீட்டரை ஒட்டிய நீளத்தில் மேலே கார்களும் கீழ்த்தளத்தில் ரயிலும் ஓடுகின்றன. பாலத்தைக் கடந்ததும் வரும் முதல் ஸ்வீடன் நிலையம் ஹில்லியெ. அங்கே ரயில் சற்றுக் கூடுதலாக நிற்கும். காவலர்கள் பெட்டிக்குள் ஏறி ஒவ்வொருவராக அடையாளச் சான்றைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஷெங்கனுக்குள் சோதனை இல்லை என்பது பொது விதி என்றாலும், 2015 நவம்பரில் ஸ்வீடன் தற்காலிகமாகக் கொண்டுவந்த உள் எல்லைச் சோதனை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு வருகிறது. எனவே கடவுச்சீட்டைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி, அதை மேல் தட்டில் ஏற்றிவிடாதீர்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். கூடவே மகளின் அழைப்புக் கடிதம், காப்பீடு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றின் அச்சுப் பிரதியும். விசா இருந்தாலும் எல்லையில் இவற்றைக் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. கேட்டால் பதற வேண்டாம். தாளை நீட்டி, "மகளைப் பார்க்க வந்திருக்கிறோம், இந்தத் தேதியில் திரும்புகிறோம்" என்றால் போதும்.

ஸ்டாக்ஹோம் வழியாகவும் வரலாம். அர்லாண்டா விமான நிலையத்திலிருந்து ஸ்டாக்ஹோம் மத்திய நிலையம் சென்று, அங்கிருந்து அதிவேக ரயிலில் மேற்கு முதன்மைப் பாதை வழியே மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கோத்தன்பர்க் வந்துவிடலாம். இந்த ரயில்களில் கட்டணம் விமானத்தைப் போல ஏறி இறங்கும். சில வாரம் முன்பே எடுத்தால் பாதிக்கும் குறைவாகக்கூடக் கிடைக்கும். தலைநகரில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்த வழி பொருத்தமானது. இல்லையென்றால் கோபன்ஹேகனே எளிது.

எந்த வழியாக வந்தாலும் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதில் கவனம் வேண்டும். மகளுக்குப் பிடிக்குமே என்று நாம் எடுத்துவர நினைப்பவற்றில் பாதி ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைசெய்யப்பட்டவை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. அதனால் நெய்யும் பால்கோவாவும் முடியாது. தாவர நலச் சான்று இல்லாமல் மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அரைத்த சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, காய்ந்த பருப்பு வகைகளைக் கொண்டுவருவதில் யாருக்கும் சிக்கல் வந்து நான் கண்டதில்லை. தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு, அவற்றின் அசல் உறையிலேயே, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாண்ட்வெட்டெரில் இறங்கினால் வாசலிலேயே விமான நிலையப் பேருந்து நிற்கும். அரை மணி நேரத்தில் கோர்ஸ்வேகன் சந்திப்பு வழியாக நில்ஸ் எரிக்சன் பேருந்து முனையத்துக்கு வந்துவிடும். 1858-இல் திறக்கப்பட்ட, ஸ்வீடனில் இன்றும் பயன்பாட்டிலுள்ள மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமான மத்திய நிலையத்தை ஒட்டியே அந்த முனையம் இருக்கிறது. டாக்சியில் வருவதென்றால் ஒரு செய்தியை அறிந்திருங்கள்: ஸ்வீடனில் டாக்சிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிப்பதில்லை. ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் 10 கிலோமீட்டர், 15 நிமிடப் பயணத்துக்கு எவ்வளவு என்ற ஒப்பீட்டு விலை மஞ்சள் ஒட்டுத்தாளில் போடப்பட்டிருக்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் எண் மற்றதைவிட இரண்டு மடங்காக இருக்கலாம். வரிசையில் முதலில் நிற்பதில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏறும் முன் மொத்தத் தொகையைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

நகருக்குள் உங்கள் நண்பன் டிராம்தான். நார்டிக் நாடுகளிலேயே பெரிய டிராம் வலைப்பின்னல் இது; 1879-இல் குதிரை இழுக்கும் வண்டிகளோடு தொடங்கி 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. டிராம், பேருந்து, படகு, வட்டார ரயில் எல்லாவற்றையும் 'வெஸ்த்ராஃபிக்' என்ற ஒரே பொது நிறுவனம் ஒருங்கிணைப்பதால் பயணச்சீட்டும் ஒன்றுதான். வட்டாரம் ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நகரமும் அருகிலுள்ள தீவுகளும் ஏ மண்டலத்துக்குள் அடங்கிவிடுவதால் பெரும்பாலான நாள்களில் உங்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. ஏ மண்டல ஒற்றைச் சீட்டு 90 நிமிடத்துக்குச் செல்லும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். ஒரு நாள், மூன்று நாள் சீட்டுகளும், நீண்ட நாள் தங்குபவர்களுக்கான 30 நாள் சீட்டும் உண்டு. மாதத்தில் பாதி நாள் வெளியே போவீர்கள் என்றாலே 30 நாள் சீட்டு கட்டுப்படியாகும்.

சீட்டை வண்டிக்குள் காசு கொடுத்து வாங்க முடியாது. நடத்துநரும் கிடையாது. கைப்பேசியில் 'வெஸ்த்ராஃபிக் டு கோ' என்ற செயலியை இறக்கி, அதில் அட்டை மூலம் வாங்குவதே சுலபம். மகள் முதல் நாளே இதைச் செய்துகொடுத்துவிட்டால் பிறகு நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். யாரும் கேட்கவில்லையே என்று சீட்டில்லாமல் ஏறிவிடாதீர்கள். பரிசோதகர்கள் எந்த நிறுத்தத்திலும் ஏறுவார்கள், அபராதம் ஒற்றைச் சீட்டின் விலையைப் போலப் பல மடங்கு.

முதல் முறை ஏறுபவர்களைத் தடுமாற வைப்பது கதவு. டிராம் வந்து நின்றதும் கதவு தானாகத் திறக்கும் என்று நாம் காத்திருப்போம்; வண்டி கிளம்பிப் போய்விடும். கதவில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இறங்குவதற்கு முன்பும் வண்டிக்குள் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பழைய வண்டிகளில் ஏறப் படிகள் உண்டு. முழங்கால் வலி இருந்தால் அதை விட்டுவிட்டு, தாழ்தளம் கொண்ட புதிய நீண்ட வண்டிக்கு ஐந்து நிமிடம் காத்திருங்கள். வண்டிக்குள் அடுத்த நிறுத்தத்தின் பெயர் திரையில் வரும், குரலிலும் அறிவிக்கப்படும். நகரின் பெயரே பயணச்சீட்டிலும் பலகையிலும் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். இங்குள்ளவர்கள் அதை ஏறத்தாழ 'யோத்தெபோரி' என்று உச்சரிக்கிறார்கள். அறிவிப்பைக் கேட்டு நீங்கள் வேறு ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

பெரும்பாலான டிராம் தடங்கள் வந்து கூடும் இடம் புருன்ஸ்பார்க்கன் என்ற நிறுத்தம். வழி தவறினால் அங்கே வந்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போகும் வண்டி கிடைத்துவிடும். அங்கிருந்து சில நிமிட நடையில் கால்வாய்க் கரையில் நிற்கிறது கிழக்கிந்திய மாளிகை, இப்போதைய நகர அருங்காட்சியகம். 1731-இல் தொடங்கப்பட்ட ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் அது. 1733-இல் இந்த நகரிலிருந்து புறப்பட்ட உல்ரிகா எலியனோரா என்ற கப்பல் நம்முடைய பரங்கிப்பேட்டைக்கு வந்து பண்டகசாலை அமைத்தது; அருகில் இருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதைப் பொறுக்காமல் சில வாரங்களிலேயே படை அனுப்பி அழித்துவிட்டார்கள். இந்த ஊருக்கும் சோழமண்டலக் கரைக்கும் அப்படி ஒரு பழைய தொடர்பு இருக்கிறது என்பதற்காகவாவது ஒரு நாள் உள்ளே சென்று பாருங்கள்.

மத்திய நிலையத்தைச் சுற்றி வேலிகளும் தற்காலிக நடைபாதைகளும் இருப்பதைப் பார்ப்பீர்கள். நகருக்கு அடியில் 'வெஸ்ட்லேன்கன்' என்ற 8 கிலோமீட்டர் ரயில் பாதை, அதில் 6 கிலோமீட்டர் சுரங்கமாக, அமைக்கப்பட்டு வருவதே காரணம். கோடையில் தண்டவாளப் பணிகளும் சேர்ந்துகொள்வதால் நிறுத்தங்கள் இடம் மாறுவதுண்டு. நேற்று வண்டி நின்ற இடத்தில் இன்றும் நிற்கும் என்று நம்பாமல், புறப்படும் முன் செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வாடகைக் கார் எடுக்க மகளோ மருமகனோ நினைத்தால், நகருக்குள் நுழையும் வாகனங்களுக்கு 2013 முதல் நெரிசல் வரி உண்டு என்பதைக் கவனத்தில் கொள்ளட்டும். கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், ரசீது பின்னால் வரும். நீங்கள் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்வீடனும் 1967 செப்டம்பர் 3 வரை நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டிய நாடுதான், ஒரே இரவில் வலப்பக்கத்துக்கு மாறியது. இந்த வயதில் அந்த மாற்றத்தை நீங்களும் செய்துபார்க்க வேண்டியதில்லை. நடந்து தெருவைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டால் போதும்.

பணம் குரோனாவில். யூரோ இங்கே நாணயமில்லை. 2003-இல் மக்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்துவிட்டார்கள். ரொக்கத்தை வாங்க மறுக்கும் கடைகளே அதிகம் என்பதால் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிடப்பட்ட விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை ஒன்று உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். யாராவது பழைய பயணத்தில் மிச்சமான குரோனா நோட்டுகளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் முன் யோசியுங்கள். 2015 முதல் 2017 வரை நோட்டுகள் மாற்றப்பட்டு, பழையவை செல்லாதவையாகிவிட்டன.

ஜூனில் வருவதால் வெளிச்சம் உங்களுக்குப் புதுமையாக இருக்கும். காலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் விடிந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை, மிட்சம்மர் என்ற கோடை நடுநாள் விழாவுக்கு முந்திய நாள். அன்றும் மறுநாளும் நகரம் வெறிச்சோடிவிடும், வண்டிகள் குறைந்த எண்ணிக்கையில் ஓடும், கடைகள் மூடியிருக்கும். வந்து சேரும் நாளாக அந்த இரண்டு நாளையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தனியாகச் சென்றுவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். முதல் பயணமாக 11-ஆம் எண் டிராமில் மேற்கே கடைசி நிறுத்தமான சால்ட்ஹோல்மன் வரை செல்லுங்கள். இறங்கினால் எதிரே படகுத்துறை. அங்கிருந்து தெற்குத் தீவுக்கூட்டத்துக்கு, பிரன்னோ, ஸ்டிர்சோ, வ்ரோங்கோ என்ற தீவுகளுக்கு, டிராமுக்கு எடுத்த அதே ஏ மண்டலச் சீட்டிலேயே படகு ஏறலாம். அந்தத் தீவுகளில் பொதுமக்களின் கார்கள் இல்லை. மிதிவண்டியும், முன்பக்கம் சாமான் தட்டு வைத்த மோப்பெட்டும்தான். காற்று பலமாக அடிக்கும் என்பதால் ஜூலையானாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஏறும் முன் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையில் உள்ள பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் ஏதேனும் என்றால் 112, ஆங்கிலத்தில் பேசலாம்.

திரும்பும் பயணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நுழைந்தபோது போலவே வெளியேறும்போதும் உங்கள் நாள் கணக்கு முடிவது கோத்தன்பர்கில் இல்லை. ஃபிராங்ஃபர்ட்டிலோ கோபன்ஹேகனிலோ வெளியேற்றச் சோதனையைக் கடக்கும் நேரத்தில்தான். மாலையில் லாண்ட்வெட்டெரிலிருந்து கிளம்பி, நள்ளிரவு தாண்டி ஃபிராங்ஃபர்ட்டில் காத்திருந்து, மறுநாள் காலை சென்னை விமானம் ஏறினால் அந்த மறுநாளும் உங்கள் கணக்கில் ஒரு நாள். பயணச்சீட்டு எடுக்கும்போது கடைசி ஷெங்கன் விமான நிலையத்திலிருந்து விமானம் கிளம்பும் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.